பாடும் செட்டும் முனகும் எர்த்தும்

பழைய வண்டி – 14

என்ஜின் அணைந்திருக்கும்போது செட் அருமையாகப் பாடுகிறது. வண்டியைக் கிளப்பியதும் பாட்டுக்கு அடியில் ஒரு முனகல் கேட்கிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அந்த முனகலும் சுருதி ஏறுகிறது. ஹெட்லைட்டைப் போட்டால் செட் ஒரு நொடி செத்துப் பிழைக்கிறது. நேற்று பதிந்து வைத்த ஸ்டேஷன்கள் காலையில் ஒன்றுகூட நினைவில் இல்லை. பழைய பத்மினியிலோ, தொடக்க கால மாருதி 800-லோ புது ஸ்டீரியோ பொருத்தியவர்களில் இந்த மூன்றில் ஒன்றையாவது சந்திக்காதவர்கள் குறைவு. பெரும்பாலும் கடைக்குப் போய் வாதாடி, செட்டை மாற்றிக்கொண்டு வருகிறார்கள். மாற்றி வந்த செட்டும் அதே சுருதியில் முனகுகிறது.

இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் வண்டிக்குள் ஏற்கெனவே இருக்கிறது. துருவேறிய எர்த், தேய்ந்த சாவி சுவிட்ச், டேப் சுற்றி ஒப்பேற்றிய ஜாயின்ட் எல்லாம் பல வருஷமாக அங்கேயே இருந்தவை. பல்புக்கு அது பெரிய விஷயமில்லை. 12 வோல்ட் வரவேண்டிய இடத்தில் பத்தரை வந்தாலும் பல்பு கொஞ்சம் மஞ்சளாக எரிந்துவிட்டுப் போகும், யாரும் கவனிப்பதில்லை. செட்டுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் சில்லுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதனால் எதையும் மாற்றுவதற்கு முன்னால் அளந்து பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் இதற்குப் போதும்.

பத்மினியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபியட் 1100 டிலைட் என்ற பெயரில் 1964-ல் மும்பையில் உருவாகி, 1974 முதல் பிரீமியர் பத்மினி ஆன வண்டி அது. அந்த வயரிங்கை வரைந்த காலத்தில் கார் ரேடியோ என்றால் ஒற்றை ஸ்பீக்கர் போட்ட டிரான்சிஸ்டர் பெட்டிதான், ஒரு ஆம்பியர்கூட இழுக்காது. இன்று அதே வயரில் நாலு சேனல் ஆம்ப்ளிஃபயர், புளூடூத், திரை, போனுக்கு சார்ஜ் எல்லாம் சேர்ந்து தொங்குகின்றன. ஒலியை ஏற்றி வைத்து டிரம் அடி விழும்போது 8, 10 ஆம்பியர் வரை ஒரு கணத்துக்கு இழுக்கும். ஒரு ஜாயின்டில் 0.3 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 5 ஆம்பியர் போனால் அந்த இடத்திலேயே ஒன்றரை வோல்ட் தொலைந்துவிடும். தொலைந்தது மொத்தமும் சூடாக, ஏழரை வாட் கணக்கில், அந்த ஒரே புள்ளியில் இறங்கும். டேஷ்போர்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் உருகிய வாடை வருவதற்குக் காரணம் இதுதான்.

அளப்பதை பேட்டரியில் தொடங்குங்கள். வண்டி ஓடாமல் சில மணி நேரம் நின்ற பிறகு 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. என்ஜினைக் கிளப்பி லேசாக ரேஸ் கொடுத்தால் 13.8-லிருந்து 14.4-க்குள் நிற்கவேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது என்று பொருள். உடனே செட்டின் கப்ளரைக் கழற்றிவிட்டு ரெகுலேட்டரைக் கவனியுங்கள். 13-க்குக் கீழேயே கிடந்தால் சார்ஜிங் சரியில்லை, அதைச் சரிசெய்யாமல் செட்டைத் தொடுவதில் அர்த்தமில்லை. டைனமோ வைத்த வண்டிகளுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. ஐடிலில் டைனமோ ஏறக்குறைய ஒன்றுமே தராது. சிக்னலில் நிற்கும்போது ஹெட்லைட்டும் செட்டும் பேட்டரியைத்தான் தின்றுகொண்டிருக்கும். வோல்ட் இறங்குவது அங்கே கோளாறு இல்லை, அந்த எந்திரத்தின் இயல்பு. மாருதி 800-ல் ஆல்டர்னேட்டர் என்பதால் இந்தச் சிக்கல் குறைவு.

இனி எர்த். மதுரையில் ஒரு நண்பருடைய பத்மினியில் இதே முனகல். செட்டைப் பொருத்திய எலக்ட்ரீஷியன் தம்பி கெட்டிக்காரர். "அண்ணே, கருப்பு வயரை டேஷ்போர்டு பிராக்கெட் போல்ட்லதான் இறுக்கியிருக்கேன். பாருங்க, டெஸ்ட் லைட் எப்படி எரியுதுன்னு" என்று பளிச்சென்று எரியவைத்தும் காட்டினார். டெஸ்ட் லைட் கால் ஆம்பியரோ அரை ஆம்பியரோ இழுக்கும் ஒரு சின்ன பல்பு. அது எரிவதை வைத்து, அந்த எர்த் 8 ஆம்பியரைத் தாங்கும் என்று சொல்லிவிட முடியாது. மீட்டரை டி.சி. 2 வோல்ட் ரேஞ்சில் வைத்து, கருப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் போஸ்டின் மேலேயே வைத்தோம். கிளாம்பின் மேல் வைக்கக்கூடாது, ஈயப் போஸ்டின் மேல்தான் வைக்கவேண்டும். நீளமான வயர் போட்டு சிவப்பு முனையை செட்டின் கருப்பு வயரில் குத்தினோம். பாட்டை ஏற்றியதும் மீட்டர் 0.2-க்கும் 0.9-க்கும் இடையே தவில் அடிக்கு ஏற்றபடி துள்ளியது. நல்ல எர்த்தாக இருந்தால் அது 0.1-ஐத் தாண்டக்கூடாது.

சிவப்பு முனையை பிராக்கெட்டுக்கு மாற்றினோம். அதே துள்ளல். ஆக, கருப்பு வயர் பிராக்கெட்டில் சேரும் இடத்தில் பழுதில்லை. பானட்டுக்கு அடியில் வந்து பாடியில் வைத்தோம், அங்கேயும் அப்படியே. பேட்டரியிலிருந்து பாடிக்கு வரும் பின்னல் பட்டையின் நுனியில் வைத்தபோது துள்ளல் நின்றுவிட்டது. பட்டைக்கும் பாடிக்கும் நடுவில்தான் குற்றவாளி இருந்தது. போல்ட்டைக் கழற்றினால் எப்போதோ அடித்த ரீ-பெயின்ட் வாஷருக்கு அடியிலும் புகுந்திருந்தது, பட்டையின் முனையில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே வாசலைன் தடவினோம். மறுபடி அளந்தபோது 0.04. வண்டியைக் கிளப்பினோம். முனகல் காதுக்கு எட்டவில்லை. "அப்ப செட்டு நல்ல செட்டுதானாண்ணே?" என்று அந்தத் தம்பி கேட்டார். நல்ல செட்டுதான். அன்றைக்குச் செலவானது ஒரு வாஷர் மட்டும்.

இதைச் சோதிக்க மீட்டர் இல்லாத ஒரு வழியும் உண்டு. செட் பாடிக்கொண்டிருக்கும்போது பின்னால் இருக்கும் ஆன்டெனா ஜாக்கைப் பிடுங்குங்கள். ரேடியோ மட்டும் நின்றால் சரி. செட்டே அணைந்தாலோ, திரை மங்கினாலோ, கருப்பு வயரில் எர்த் இல்லை. மொத்தக் கரண்ட்டும் ஆன்டெனா கேபிளின் மேலுறை வழியாகத்தான் இத்தனை நாள் பாடிக்குத் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த மெல்லிய வலை அதற்குச் செய்யப்பட்டதே அல்ல.

எர்த் சரியாக இருந்தும் சத்தம் வந்தால், அது எந்தச் சத்தம் என்று காதால் பிரிக்கவேண்டும். என்ஜின் வேகத்தோடு சுருதி ஏறும் தொடர்ந்த முனகல், ஆல்டர்னேட்டர் அல்லது டைனமோவின் வேலை. மீட்டரை ஏ.சி.க்கு மாற்றி, என்ஜின் ஓடும்போது பேட்டரியின் இரு முனைகளில் வையுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் ஆல்டர்னேட்டருக்குள் ஒரு டயோடு போயிருக்கலாம். 'டக் டக் டக்' என்று வேகத்தோடு நெருக்கமாகும் சத்தம் என்றால் அது இக்னிஷன். பழைய வண்டிகளில் செம்புக் கம்பி ஹெச்.டி. வயரும் ரெசிஸ்டர் இல்லாத ப்ளக்கும் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி ரேடியோ நிலையம்போல ஒலிபரப்பும். கார்பன் கோர் வயரும் ரெசிஸ்டர் ப்ளக்கும் போட்டால் பெரும்பகுதி அடங்கிவிடும். என்.ஜி.கே. ப்ளக்கில் பி.பி.ஆர். என்று நடுவில் ஆர் சேர்ந்து வந்தால் ரெசிஸ்டர் உள்ளது.

சத்தத்தை அடக்க கண்டென்சர் போடுவது பழைய மெக்கானிக்குகளின் வழி, நல்ல வழியும்கூட. ஆனால் இடம் முக்கியம். காயிலில் சாவி சுவிட்சிலிருந்து கரண்ட் வரும் முனையில்தான் போடவேண்டும். டிஸ்ட்ரிப்யூட்டருக்குப் போகும் முனையில் போட்டால் பொறியே பலவீனமாகிவிடும், வண்டி இடறும். டைனமோவில் தடித்த வயர் சேரும் டி முனையில் போடலாம், எஃப் முனையைத் தொடவேகூடாது.

ஒலியைப் பூஜ்யத்துக்கு இறக்கிப் பாருங்கள். அப்போதும் முனகல் குறையாமல் அப்படியே இருந்தால், அது ஒலிக் கட்டுப்பாட்டைத் தாண்டி, ஆம்ப்ளிஃபயர் பக்கமாகப் புகுகிறது. டிக்கியில் தனி ஆம்ப்ளிஃபயர் வைத்தவர்கள் அதன் எர்த்தையும், பவர் வயரும் ஆர்.சி.ஏ. கேபிளும் ஒரே பக்கமாக உரசிக்கொண்டு போகின்றனவா என்பதையும் பார்க்கவேண்டும். ஒலியோடு முனகலும் குறைந்தால், அது பாட்டு வரும் வழியிலேயே கலந்து வருகிறது. போனை ஆக்ஸ் கேபிளில் மாட்டி, அதே போனை லைட்டர் சாக்கெட்டில் சார்ஜும் போட்டிருக்கிறீர்களா? சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடும். பண்பலையில் மட்டும் இரைச்சல் என்றால் மலிவான எல்.இ.டி. பல்பையும், டேஷ்கேமின் சார்ஜரையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். கடையில் 'நாய்ஸ் ஃபில்டர்' என்று விற்கும் டப்பா பவர் வயரில் வரும் சத்தத்தைக் குறைக்கும். எர்த் வழியாகவோ ஆக்ஸ் வழியாகவோ வருவதை அதனால் தடுக்க முடியாது. எந்த வழி என்று தெரியாமல் அதை வாங்காதீர்கள்.

செட்டையே கொன்றுவிடக்கூடிய ஒரு பழைய வயரிங் முறை உண்டு. அக்காலத்து ரேடியோவில் ஸ்பீக்கரின் ஒரு முனைக்கு மட்டும் வயர் போகும், மறு முனையை பாடியில் எர்த் செய்திருப்பார்கள். அல்லது இரண்டு ஸ்பீக்கருக்கும் நெகட்டிவ் வயர் ஒன்றாகவே இருக்கும். இன்றைய செட்டில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள் எதிரெதிராக வேலை செய்கின்றன. கோடு போட்ட நெகட்டிவ் வயரிலும் பேட்டரி வோல்ட்டில் ஏறக்குறைய பாதி, ஆறு வோல்ட் சுமார், எப்போதும் நிற்கும். அதைப் பாடியில் சேர்த்தால் செட் 'புரொடெக்ட்' என்று காட்டி வாயை மூடிக்கொள்ளும். காட்ட நேரமில்லாமல் உள்ளே ஐ.சி.யே எரிந்துபோவதும் உண்டு. ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, செட்டைப் போட்டு, எட்டு ஸ்பீக்கர் வயரையும் ஒவ்வொன்றாகப் பாடிக்கு எதிரே அளந்து பாருங்கள். எட்டிலும் கிட்டத்தட்ட ஒரே வோல்ட் வரவேண்டும். பிறகு செட்டை அணைத்து, கப்ளரைப் பிரித்து, வண்டியிலிருந்து வரும் ஸ்பீக்கர் வயர் ஏதாவது பாடியோடு தொடர்பில் இருக்கிறதா என்று ஓம் ரேஞ்சில் பாருங்கள். இருந்தால் பழைய வயரை விட்டுவிட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் புதிதாக இரட்டை வயர் இழுப்பதுதான் ஒரே வழி. பழைய வயரை வெட்டி எறியவேண்டாம், நுனியை மூடி உள்ளேயே விட்டுவிடுங்கள். பின்னொரு நாள் அசல் ரேடியோவை மாட்ட ஆசைப்படுகிறவருக்கு அது வேண்டும்.

பாஸ் இல்லாமல் பாட்டு தட்டையாகக் கேட்டால் ஒரு ஸ்பீக்கர் தலைகீழாகச் சேர்ந்திருக்கும். ஒரு பென்சில் பேட்டரியை ஸ்பீக்கரின் இரு முனைகளில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். கோன் முன்னால் தள்ளினால், பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் ஸ்பீக்கரின் பிளஸ். பின் டிரேயில் வெயிலில் காய்ந்த பழைய ஸ்பீக்கராக இருந்தால், காகிதக் கோனை விரலால் மெல்ல அழுத்தும்போதே விளிம்பு பொடியாக உதிரும். அதற்கு மேல் அதை அளக்க வேண்டியதில்லை.

பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் '50 வாட் × 4' என்ற எண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் அதை நம்பித்தான் பலர் தப்பான ஸ்பீக்கர் வாங்குகிறார்கள். 14.4 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கரில், இந்த வகை ஆம்ப்ளிஃபயர் சிதையாத ஒலியாகத் தரக்கூடிய உச்சமே கணக்குப்படி சுமார் 26 வாட். நடைமுறையில் 20-ஐ ஒட்டித்தான் கிடைக்கும். செட்டின் பின்னால் இருக்கும் ஃப்யூஸ் பெரும்பாலும் 10 ஆம்பியர். 14.4-ஐ 10-ஆல் பெருக்கினால் 144 வாட். உள்ளே போகக்கூடியதே 144 என்றால், வெளியே 200 எப்படி வரும்?

ஃப்யூஸ் என்றதும் சிகரெட் பெட்டியின் ஈயத்தாள் நினைவுக்கு வருகிறது. எரிந்துபோன ஃப்யூஸில் அதைச் சுற்றிவிட்டு ஓட்டும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. பெட்ரோல் குழாய் ஓடும் வண்டியில் இதைச் செய்யாதீர்கள், யார் செய்து கொடுத்தாலும் ஏற்காதீர்கள்.

ஹெட்லைட் போட்டால் செட் அணைவது, ஹார்ன் அடித்தால் பாட்டு விட்டுவிட்டு வருவது எல்லாமே சாவி சுவிட்சின் வழியாகச் செட்டுக்குக் கரண்ட் கொடுத்ததன் விளைவு. அந்த சுவிட்சின் செம்புப் பட்டைகள் தேய்ந்துபோயிருக்கும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் ஒன்றைத் தனியாகக் கொண்டுவாருங்கள். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃப்யூஸ் வையுங்கள். செட்டின் மஞ்சள் வயருக்கு அதிலிருந்து நேராகக் கொடுக்கலாம். சிவப்பு வயருக்கு ஒரு ரிலே வழியாக. சாவி சுவிட்ச் ரிலேவை மட்டும் இயக்கினால் போதும், பாரம் அதன் தலையில் விழாது. ஸ்டார்ட்டர் சுற்றும் அந்த ஓரிரு நொடியில் மட்டும் செட் அணைந்தால் கவலைப்பட வேண்டாம், அப்போது பேட்டரி வோல்ட் 10-க்கு அருகில் இறங்குவது சகஜம்.

ஸ்டேஷன்கள் மறந்துபோகும் நோய்க்கு இந்த இரண்டு வயர்கள்தான் காரணம். மஞ்சள், எப்போதும் கரண்ட் இருக்கவேண்டிய வயர். நினைவு அதில்தான் வாழ்கிறது. சிவப்பு, சாவி போட்டால் மட்டும். இரண்டையும் முறுக்கி ஒன்றாகச் சாவியில் கொடுத்துவிட்டால் சாவியை எடுக்கும்போதெல்லாம் செட் பிறந்த குழந்தையாகிவிடும். இரண்டையும் ஒன்றாக பேட்டரியில் கொடுத்தால் நினைவு நிற்கும், பேட்டரி செத்துவிடும்.

பேட்டரி சாவதற்கு இன்னொரு காரணம், சாவி எடுத்த பிறகும் அரைத் தூக்கத்தில் கிடக்கும் பெரிய திரை ஆண்ட்ராய்டு செட்டுகள். சாவியை எடுத்து, கதவுகளைச் சாத்தி, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் மாட்டுங்கள். அந்த நிலையில் ஸ்டார்ட் மட்டும் செய்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும். சில நிமிஷம் பொறுத்து எண்ணைப் பாருங்கள். 50 மில்லியாம்பியருக்குள் இருந்தால் நல்லது. 150 இருந்தால் ஒரு நாளைக்கு 3.6 ஆம்பியர்-மணி காலி. 35 ஆம்பியர்-மணி பேட்டரி வைத்த மாருதி 800 ஐந்து நாள் கொட்டகையில் நின்றால் பாதி தீர்ந்துவிடும். வாரம் ஒருமுறை எடுக்கும் வண்டி என்றால், மஞ்சள் வயரில் ஒரு சுவிட்ச் போட்டுவிடுங்கள். ஸ்டேஷன்களை மறுபடி பதிந்துகொள்ளலாம்.

ரேடியோ வேலை செய்கிறது, ஆனால் சில ஸ்டேஷன்கள் மட்டும் வரவேயில்லை என்ற புகார் சுவாரஸ்யமானது. சென்னையில் 93.5-உம் 98.3-உம் கணீரென்று வரும், ஆகாசவாணியின் 101.4-உம் ஹலோ எஃப்.எம்.மின் 106.4-உம் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. இங்கே ஆன்டெனாவில் குற்றமில்லை. செட்டின் ஏரியா செட்டிங் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே பண்பலை 0.2 மெகாஹெர்ட்ஸ் படிகளில், ஒற்றைப்படை தசமங்களில் மட்டுமே தாவும். 101.4 அந்தப் படியில் கிடையாது, 101.3-லிருந்து நேராக 101.5-க்குப் போய்விடும். மெனுவில் ஆசியா அல்லது ஐரோப்பா என்று மாற்றினால் தீர்ந்தது. ஜப்பானிலிருந்து வந்த பழைய செட் என்றால் கதை வேறு. அந்தச் செட்டுகளில் பண்பலை 76-லிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். நம் ஊர் ஸ்டேஷன்கள் பெரும்பாலும் அதற்கு மேலே இருப்பதால் புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைத்தாலும் ரேடியோவுக்கு அது உதவாது.

எல்லா ஸ்டேஷனுமே கரகரத்தால் ஆன்டெனாவைப் பாருங்கள். ஃபெண்டரில் திருகிய கம்பி ஆன்டெனாவுக்கு அந்தத் தகரம்தான் எர்த். அடியில் துரு பிடித்தால் வரவேற்பு போய்விடும், அதற்கும் உப்புத்தாள்தான் மருந்து. ஆம்ப்ளிஃபயர் வைத்த குட்டி ஆன்டெனாவாக இருந்தால் செட்டின் நீல வயரிலிருந்து அதற்கு 12 வோல்ட் போகிறதா என்று அளக்கவும். சரிசெய்த பிறகு சோதிக்க, தென்மாவட்டத்துக்காரர்களுக்கு கோடை பண்பலையின் 100.5 இருக்கிறது. மலையுச்சியிலிருந்து வரும் ஒலிபரப்பு என்பதால் திண்டுக்கல், தேனி சாலைகளில் அதுகூட இரைந்தால் கோளாறு இன்னும் வண்டியில்தான் இருக்கிறது.

மோரிஸ் மைனர் போன்ற பழைய பிரிட்டிஷ் வண்டி வைத்திருப்பவர்கள் மேலே சொன்ன எதையும் தொடங்குமுன் பேட்டரியின் எந்த முனை பாடியில் சேர்ந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பல வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த். இன்றைய செட்டின் தகர உடம்பும் ஆன்டெனா உறையும் நெகட்டிவ். பாடியில் பட்ட மாத்திரத்தில் ஷார்ட். வண்டியை நெகட்டிவ் எர்த்துக்கு முறையாக மாற்றிய பிறகுதான் செட்.

கடைசியாக, டேஷ்போர்டை வெட்டாதீர்கள். இன்றைய செட்டின் முகம் 180-க்கு 50 மில்லிமீட்டர். இரண்டு குமிழ் வைத்த பழைய ரேடியோவின் துளையில் அது நுழையாது, உடனே ரம்பத்தைக் கேட்பார்கள். டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கும் தகரப் பெட்டியோ, கிளவ் பாக்ஸின் உட்புறமோ போதும். பத்மினியின் அசல் டேஷ்போர்டு இனி யாரும் புதிதாகச் செய்து தரப்போவதில்லை. வேலை முடிந்ததும் எந்த நிற வயர் எங்கே போகிறது, எந்த ஃப்யூஸ் எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் வரைந்து கிளவ் பாக்ஸில் வைத்துவிடுங்கள். அடுத்து அந்த வண்டிக்கு அடியில் படுக்கப்போகிற எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் மிச்சம்.

அடுத்த வாரம்: பாதி வழியில் நிற்கும் வைப்பர்.